சோறு போடுமா ஆராய்ச்சி?

எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் குமரி மாவட்டத்துக்கு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். சபாஷ்!

ஆனால், "மூளை ஆராய்ச்சிக்குப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் நாகர்கோவில் வீட்டில் என்ன பதில் வரும்? "டாக்டருக்குப் படி மக்களே. ஆராய்ச்சி சோறு போடுமா?"

பயம் நியாயமானதுதான். இளம் ஆராய்ச்சியாளருக்கு மத்திய அரசு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37 ஆயிரம் ரூபாய். அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். அப்புறம்?

என்றாலும், அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டாமா?

மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் சேதி சொல்லும் இடம் 'சினாப்ஸ்'. நடுவிலுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு! குழந்தைக்கு இந்த இணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கின்றன. பிறகு, வயலில் களை பறிப்பதுபோல மூளையே வேண்டாததை நீக்குகிறது.

வலிப்பு மாத்திரைகளில் பல வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கு ஓடும் குமரித் தாய்மாருக்கு இது வேண்டாத விஷயமா?

சென்னை ஐ.ஐ.டி. மூளை மையம், கருச்சிசு மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி 2024 டிசம்பரில் உலகுக்கே இலவசமாகக் கொடுத்தது. வழி திறந்துவிட்டது. நடக்க ஆள் வேண்டும்.

உதவித்தொகை மாதம் தவறாமல் கைக்கு வரட்டும். படித்து முடித்தவருக்கு நிலையான வேலை கிடைக்கட்டும். சோறு போடும் பொறுப்பு அரசுக்கு. பிள்ளையைத் தடுக்காத பொறுப்பு வீட்டுக்கு!