உழவன் உயிருக்கும் கணக்கு உண்டு

எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இறந்தவர் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலமும், இரண்டு கறவை மாடும் வைத்திருந்த சிறு விவசாயி. வயது 38. ஒருநாள் விடியற்காலை மொபெட்டில் பால் கேனை வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். பின்னால் வந்த லாரி மோதிற்று. அங்கேயே உயிர் போய்விட்டது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் ஆகிய நால்வரும் நடுத்தெருவில் நின்றார்கள்.

மூன்றாம் நாள் லாரி முதலாளியின் ஆட்கள் ஊர்ப் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முத்திரைத்தாளும் கையோடு வந்தது. "போன உயிர் திரும்பி வராது. கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும். ஒரு இலட்சம் தருகிறோம், வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடம்மா" என்றார்கள். மாமியார் அழுதுகொண்டே, "என் மகனை விற்றா காசு வாங்கணும்?" என்று கேட்டார். ஆனால் கடன்காரர்களும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். மொபெட் தானாகவே சறுக்கி விழுந்ததாகவும் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த லாரிக்கு இன்ஷ்யூரன்ஸ் இருந்தது என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதற்குள் மூத்த பெண்ணின் படிப்பு நின்றுவிட்டது. நிலம் ஒற்றிக்குப் போய்விட்டது. வக்கீலிடம் போனபோது அவர் முதலில் கேட்டது அந்தப் போலீஸ் வாக்குமூலத்தைத்தான்.

இம்மாதிரி எத்தனையோ ஊர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு மாடு செத்தால் இன்ஷ்யூரன்ஸ் தொகை கேட்கத் தெரிந்திருக்கிறோம். பயிர் அழிந்தால் மனு எழுதுகிறோம். வீட்டின் உழைக்கும் கை போய்விட்டால் மட்டும் தலைவிதி என்று உட்கார்ந்துவிடுகிறோம். இது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

இழப்பீடு கேட்பது செத்தவரை விற்பது ஆகாது. பிறர் தவறால் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையை நம் நாட்டில் 1855-ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நஷ்டஈடு என்பது லாரி முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தருமம் அன்று. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பாக்கி.

அந்தப் பாக்கி எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மோட்டார் விபத்து வழக்குகளில் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதை உச்ச நீதிமன்றம் 2009, 2017 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் வகுத்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊர் விவசாயியின் உழைப்பு மாதம் ரூ.12,000 மதிப்புள்ளது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் பிற்கால வருமான உயர்வுக்காக 40 சதம் சேர்க்க வேண்டும். மாதம் ரூ.16,800 ஆகிறது. ஆண்டுக்கு ரூ.2,01,600. நம்பியிருப்போர் நால்வர் என்பதால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி ரூ.1,51,200. அவர் 36 முதல் 40 வயதுக்குள் இருந்ததால் இதை 15 ஆல் பெருக்க வேண்டும். வருவது ரூ.22,68,000. இது தவிர ஈமச்செலவு, துணையை இழந்தமை முதலிய இனங்களுக்குத் தனித்தொகை உண்டு.

அந்தக் குடும்பம் வாங்கியது ஒரு இலட்சம். கேட்டிருக்கக்கூடியது 22 இலட்சத்துக்கு மேல். எதிர்த்தரப்பு வாதாடி இதைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் ஒற்றிக்குப் போன நிலம் மீண்டிருக்கும், அந்தப் பெண்ணும் படித்திருக்கும்.

இங்கேதான் விவசாயிக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? மேலும், "ஆள் போனாலும் நிலம் இருக்கிறதே, வருமானம் நிற்கவில்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். உச்ச நீதிமன்றமும் 2003-ல் ஹரியானா விவசாயி ஒருவர் சாவு பற்றிய வழக்கில் இதைக் கவனித்தது. நிலம் வாரிசுகளிடமே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள இனிமேல் ஆள் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே விவசாய வருமானத்தில் இதையெல்லாம் பார்த்தே இழப்பைக் கணிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே அவர் கை என்னென்ன வேலை செய்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ஏர் ஓட்டியது, மடை திருப்பியது, மருந்து அடித்தது, இரவுக் காவல் இருந்தது, மாடு கறந்தது எல்லாம் கூலி கொடுத்தால்தான் இனி நடக்கும். அந்தக் கூலிதான் இழப்பு. நாமோ பயிர்ச் செலவு எழுதும்போது விதை, உரம், ஆள் கூலி எல்லாம் எழுதிவிட்டு, சொந்த உழைப்பை மட்டும் எழுதுவதில்லை. நாமே எழுதாத கணக்கை நீதிபதி எங்கிருந்து எடுப்பார்? சான்று இல்லாவிட்டால் கோர்ட்டு ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்துக்குக் குறைவாகவே இருக்கும்.

பால் சங்கப் பாஸ் புத்தகம், ஒழுங்குமுறை விற்பனைக் கூட ரசீது, சர்க்கரை ஆலைப் பட்டுவாடாச் சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு ஆகிய எல்லாமே சான்றுகள்தாம். இவற்றை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். பெட்டி இருக்குமிடம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிய வேண்டும்.

பெண்களைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். வீட்டுக்காரி இறந்தால் "அவளுக்கு ஏது வருமானம்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். களை எடுப்பு, நாற்று நடவு, மாடு, சமையல், பிள்ளை வளர்ப்பு இவற்றுக்குக் கூலி போட்டுப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணித்து இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தியிருக்கிறது.

ரோட்டைப் போலவே நம் வயலிலும் சாவு காத்திருக்கிறது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதித்து இறந்தவர்கள் எல்லா வட்டாரத்திலும் உண்டு. "கம்பி அறுந்தது எங்கள் குற்றமன்று, காற்றடித்தது" என்று பதில் வரும். இந்தப் பதில் செல்லாது. மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் 1997-ல் தொழிலாளி ஒருவர் இரவில் சைக்கிளில் வீடு திரும்பும்போது, ரோட்டில் கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது என்று அம்மாநில மின்வாரியம் வாதாடியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கொண்டு தொழில் நடத்துபவர், தம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அதனால் வரும் சாவுக்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இனி, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாவு நடந்த அன்றே போலீசில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். உடலை அறுக்கக்கூடாது என்று பிரேதப் பரிசோதனையைத் தடுக்காதீர்கள். எதனால் சாவு வந்தது என்பதற்கு அந்த அறிக்கையே முக்கியச் சான்று. மின்சாரத்தால் இறந்தால் கம்பி கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்து, மின் ஆய்வாளர் விசாரணை வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். வழக்குக்கும் கெடு உண்டு. மோட்டார் விபத்து என்றால் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதன் முடிவை நம்பிக் காத்திராமல் 6 மாதத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு ரூ.2 இலட்சம் பெற அரசுத் திட்டம் இருக்கிறது. மின்விபத்து முதலிய மற்றச் சாவுகளுக்கு 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. நடந்தது பற்றித் தகராறு இல்லாத வழக்குகளில் ஐகோர்ட்டிலும் நேரே மனுப் போட்டு நிவாரணம் பெற்றிருக்கிறார்கள்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. கணவனை இழந்த எந்தப் பெண்ணும் மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து "பாதிக்குப் பாதி" பேசும் தரகர்களை நம்ப வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே விதிப்படி கூடாத காரியம்.

சட்டம் நம் பக்கம் மட்டுமே நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப்பன்றிக்கென்று வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரத்தில் வேலி போடுகிறோம். அதில் பக்கத்துக் காட்டுக்காரர் இறந்தால் ஜெயில் வேறு, நஷ்டஈடு வேறு. டிராக்டருக்கு இன்ஷ்யூரன்ஸ் புதுப்பிக்காமல் விட்டால், நம் வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு நம் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டி வரும். டிராக்டர் மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆள் ஏற்றுவதும் அப்படித்தான். அப்படிப் போனவர் இறந்தால், பொறுப்பு எங்களுடையதல்ல என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பல வழக்குகளில் விலகியிருக்கிறது. பாரம் முழுவதும் சொந்தக்காரர் தலையில் விழும். நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் நியாயத்தைப் பிறர் பிள்ளைகளுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

வழக்கு என்றால் நாளாகும் என்பது உண்மை. எல்லாவற்றையும் கோர்ட்டிலேயே முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராஜியாகப் போவதானால் மனுவைப் போட்டுவிட்டு, லோக் அதாலத்தில் நீதிபதி முன்னிலையில் பேசுங்கள். அங்கே முடியும் தொகை கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். சிறுவர் பங்கை வங்கியில் போட்டு வைக்கவும் உத்தரவிடுவார்கள். பந்தல் பிரிக்குமுன் திண்ணையில் எழுதும் காகிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. துக்க வீட்டுக்கு முத்திரைத்தாளோடு வருபவருக்குத் துணையாகப் போகாதீர்கள். உங்கள் சொல்லுக்கு அந்த வீட்டில் மரியாதை இருப்பதால்தான் உங்களைக் கூட்டிப்போகிறார்கள். "காரியம் முடியட்டும், வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டியிராது.