உப்பில்லாக் குழம்பும் மிக்சர் டப்பாவும்

உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்புவோரிடம் உப்பைக் குறைக்குமாறு கூறாத மருத்துவர் இல்லை. அந்த அறிவுரையைப் பல குடும்பங்கள் ஒரே விதமாக நிறைவேற்றுகின்றன. நோயாளிக்கென்று ஒரு சிறு பாத்திரம் தனியே வைக்கப்படுகிறது. அதில் உப்பில்லாக் குழம்பு, உப்பில்லாப் பொரியல். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த பெரியவர், இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுகிறார். மாலை நான்கு மணிக்குக் காப்பியுடன் ஒரு கிண்ணம் மிக்சர் வருகிறது. காலையிலிருந்து வாய்க்கு ருசியாக ஒன்றும் உண்ணவில்லையே என்ற இரக்கம்தான் காரணம்.

இந்த இரக்கத்தை நான் குறை கூறவில்லை. கட்டுப்பாடு தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் கருத்து. சோற்றில் மிச்சம் பிடித்ததைக் கிண்ணத்தில் கொட்டிவிடுகிறோம். அந்தக் கிண்ணத்தை எவரும் கணக்கில் எழுதுவதும் இல்லை.

கணக்கு எளியது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உங்கள் நோயின் தன்மைக்கேற்ப மருத்துவர் இன்னும் குறைத்திருக்கலாம். பொட்டலங்களில் உப்பு என்று அச்சிடாமல் சோடியம் என்றே அச்சிடுவர்; அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் 2 கிராம் உப்பு. அதில் பாதியை உண்டாலும் நாளின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வீட்டு முறுக்குக்கும் கணக்கிடலாம். ஒரு கிலோ மாவுக்கு 4 தேக்கரண்டி, அதாவது 20 கிராம் உப்பிட்டு 50 முறுக்கு பிழிந்தால், ஒவ்வொன்றிலும் 0.4 கிராம். பேச்சுவாக்கில் நான்கு முறுக்கு உண்பது எவருக்கும் அரிதன்று.

முறுக்கின்மீது எனக்குப் பகை இல்லை. மணப்பாறை முறுக்குக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவர். சாத்தூர்ச் சேவுக்கு ஈடு உண்டா என்ன? எனினும் கோகுலாஷ்டமிச் சீடையும் தீபாவளி ஓமப்பொடியும் முன்பு நாளுக்கென்று வந்தன. அரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, அச்சில் பிழிந்து எடுக்கும் உழைப்பே ஓர் அளவாக இருந்தது. இன்று தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. பண்டிகைப் பலகாரம் அன்றாட உணவாகிவிட்டது. நம் மனமோ அதை இன்னும் 'சும்மா கொறிப்பது' என்றே எண்ணுகிறது.

நாக்கும் இங்கு நல்ல அளவுகோல் அன்று. வறுவலின் உப்பு மேற்பரப்பில் இருப்பதால் உடனே தெரியும். ரொட்டி, ரஸ்க், இனிப்பு பிஸ்கட் ஆகியவற்றில் கலந்த உப்பும் சோடா மாவும் தெரிவதில்லை. சோடியம் இரண்டிலும் உண்டு. அப்பளமும் அப்படித்தான். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி கொள்வோரும் உளர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. 'குறைந்த சோடியம்' என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

பரிசோதனை அறிக்கையில் சோடியம் குறைவு என்று கண்டவுடன் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துத் தரும் வழக்கமும் உண்டு. இதயச் செயலிழப்பில் அந்தக் குறைவு பெரும்பாலும் உடலில் நீர் மிகுந்து சோடியம் நீர்த்துப்போவதால் நேர்வது. அப்போது உப்பூட்டினால் கால் வீங்கும்; மூச்சு வாங்கும்; மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரிடும்.

என் யோசனை இதுதான். உப்பைச் சோற்றுக்குத் திருப்பிக் கொடுங்கள். அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணியில் அளந்து வைத்து, அதைக் குழம்புக்கும் பொரியலுக்கும் பகிருங்கள். புளி, மிளகு, பெருங்காயம், எலுமிச்சை ஆகியவை மீதியை ஓரளவு ஈடுசெய்யும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். மிக்சர் டப்பாவும் ஊறுகாய்ச் சாடியும் அன்றாட மேசையை விட்டுப் போகட்டும். மாலைப் பசிக்கு உப்புக் குறைத்துத் தாளித்த சுண்டலோ, உப்பிடாத வறுத்த கடலையோ போதும். (சிறுநீரக நோயாளிகளுக்கு இவற்றிலும் அளவு உண்டு, உணவியல் ஆலோசகரிடம் கேளுங்கள்.) பண்டிகை வந்தால், மருத்துவர் தடுக்காதவரை, ஒரு முறுக்கை எண்ணி மனமாரக் கொடுங்கள்.

தனிப் பாத்திரமும் போகட்டும் என்பேன். மற்றவர் கறுக்குமுறுக்கென்று கொறிக்க, பெரியவர் மட்டும் சப்பென்ற சோற்றோடு அமர்ந்திருப்பது உணவுக் கட்டுப்பாடு அன்று, தண்டனை. குறைந்த உப்பு வீட்டார் அனைவருக்கும் ஏற்றதே. அதே இரத்த அழுத்தம் மகனுக்கும் மகளுக்கும் வரக்கூடியதுதானே?

பார்க்க வரும் உறவினர் என்ன செய்வார்? வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, வழியில் கால் கிலோ காராச்சேவு வாங்கிவருவார். அவரிடம் தொலைபேசியிலேயே, 'அண்ணா, வரும்போது இரண்டு கொய்யாப்பழம் வாங்கிவாருங்கள்' என்று சொல்லிவிடலாம். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர் வீட்டில் அதற்குப் பதில் ஒரு வார இதழ் கேட்கலாம்.