ஒரே ஒருவரிடம் இருந்த திறவுகோல்

2008 யூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநகரின் கணினி வலையமைப்பு வழமைபோல் இயங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகக் கடவுச்சொல் மட்டும் அதிகாரிகளிடம் இல்லை. வலையமைப்பை உருவாக்கிய பொறியியலாளர் டெரி சைல்ட்ஸ் அதைத் தர மறுத்துச் சிறையில் இருந்தார்.

பொதுவாக, கருவியின் அருகே செல்லக்கூடியவர் அதனை நிறுத்தி மீள இயக்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். சைல்ட்ஸ் அவ்வழியையும் அடைத்திருந்தார். வலிந்து முயன்றால் அமைப்பு விபரங்களே அழிந்துபோகும். ஈற்றில் மேயர் கவின் நியூசம் சிறைக்கே சென்று பெற்றுவந்தார்!

2010 இல் சைல்ட்ஸுக்கு நான்காண்டுச் சிறை. அவர் செய்தது குற்றமே. ஆயினும் என் சினம் அவருடைய மேலதிகாரிகள் மீதே. கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? வங்கிப் பெட்டகத்தின் சாவிகளை இருவர் வைத்திருக்கும் வழக்கத்தை அவர்கள் அறியாதவர்களா?