கரகரப்புக்குக் காரணம் யார்?

வீட்டுக் கார்ட்லெஸ் தொலைபேசி கரகரத்தால் உடனே பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதே இணைப்பில் கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேளுங்கள். அதிலும் கரகரத்தால் குற்றம் பெரும்பாலும் இணைப்பில்தான். இல்லையேல் சந்தேகம் வானொலி அலைகள் மீது திரும்பும். சில கார்ட்லெஸ் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி இயங்குபவை. மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண்ணோ சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸ்! அடுப்பை நிறுத்தியதும் இரைச்சல் நின்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் தொலைபேசி சரியாகலாம். காரணம் தெரியாமலே போய்விடும். பள்ளிச் சோதனைகளின் விடை பெரும்பாலும் பாடநூலில் இருக்கிறது. இதன் விடையை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இதுவே உண்மையான ஆய்வு என்பேன். செய்து பாருங்களேன்!