பழைய பித்தளையை எறியாதீர்கள்

கடந்த காலபோக அறுவடைக் காலத்தில், பரந்தனுக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் தமது மோட்டார்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு எமது பணிமனை முற்றத்துக்கு வந்தார். காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், இரவில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் கிளிநொச்சி வைத்தியசாலைக்கு ஓடுவதும் அந்த ஒரு வண்டியில்தான். காபிரேற்றரில் பெற்றோல் ஒழுகியதால் மலிவான கிற் ஒன்றை வாங்கி, கராச்சில் கொடுத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ஒழுக்கு நிற்கவில்லை. போதாக்குறைக்குப் பிளக் கறுத்து, வண்டி இழுக்கவும் மறுத்தது.

"புதுச் சாமான் போட்டும் ஏன் சுவாமி இப்படி?" என்று அவர் கேட்டார்.

"கழற்றிய பழைய சாமான்கள் எங்கே?" என்று நாம் கேட்டோம்.

கராச்சின் மூலையில், ஒரு பால்மாப் பேணிக்குள் ஆணிகளோடு ஆணிகளாக அவை கிடந்தன. எடுத்துக் கழுவிப் புதியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய மெயின் ஜெற்றிலும் புதிய மெயின் ஜெற்றிலும் பொறித்திருந்த எண் ஒன்றுதான். ஆனால் பழைய துளைக்குள் நுழையாத செப்பு இழையொன்று புதிய துளைக்குள் தாராளமாகப் போய்வந்தது. புதிய மிதவை ஊசி பழையதிலும் சற்றுக் கட்டையாக இருந்தது. பழைய ஜெற்களையே திரும்பப் பூட்டினோம். ஊசிக்கு மட்டும் நம்பகமான ஒன்றைத் தேடி வாங்கினோம். அந்தக் கிற்றில் வந்த கிண்ணத்துக் கஸ்கற் நன்றாகவே இருந்தது. அதை அப்படியே விட்டோம். மறுநாள் காலை பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இச்சிறு சம்பவத்திலிருந்து நாம் கற்றதையே இங்கு எழுதுகிறோம். மலிவான கிற் முழுவதும் கூடாதது என்பதல்ல எமது கருத்து. அதைப் பெட்டியாக மதிப்பிடக்கூடாது, துண்டு துண்டாக மதிப்பிட வேண்டும். றப்பரை மாற்றலாம். பித்தளையை அவசரப்பட்டு மாற்றக்கூடாது.

ஏன் இது சிறிய விடயமல்ல

காபிரேற்றரின் வேலை எளிது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஓர் ஒடுங்கிய வழியால் விரைந்து செல்லும்போது அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோல் ஜெற்றின் துளையூடாக மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. எவ்வளவு பெற்றோல் என்பதை அந்த மயிரளவுத் துளையும், கிண்ணத்தில் பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. மட்டத்தைக் காப்பது மிதவையும் அதன் ஊசியும். ஊசி கட்டையானால் மிதவை கூடுதலாக எழும்பிய பின்பே வழி அடைபடும். மட்டம் உயரும், பெற்றோல் வழியும்.

நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றர் ஒழுகினாலும் இரவின் பத்து மணித்தியாலத்தில் 300 மில்லிலீற்றர் போய்விடும். ஏழு இரவுகளில் 2 லீற்றருக்கும் மேல். 2022 ஆம் ஆண்டு கியூ.ஆர். குறியீட்டு முறை தொடங்கியபோது மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே என்பதை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் நிலத்துக்குள் போயிருக்கும். வழியும் பெற்றோல் சில வேளைகளில் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலில் பெற்றோல் மணத்தால் வண்டியை ஓட்டாமல் முதலில் ஒயிலை மாற்றுங்கள். இன்னொன்றும் உண்டு. எம்மவர் பலர் களவுக்குப் பயந்து வண்டியை வீட்டுக்குள், அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் நிறுத்துகின்றனர். ஒழுகும் வண்டியும் எரியும் விளக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. நிறுத்தியவுடன் தாங்கியின் கீழுள்ள பெற்றோல் அடைப்பானை மூடும் பழக்கம் எல்லா வீட்டிலும் வரவேண்டும்.

எமது மக்களுக்குத் தெரியாததா?

1990 ஆம் ஆண்டு தொடங்கி 2002 இன் ஆரம்பம் வரை நீடித்த தடைக்காலத்தில் எமது பகுதிகளில் பெற்றோல் போத்தல் கணக்கில், எட்டாத விலைக்குக் கிடைத்தது. அப்போது சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதைப் புத்தகம் படிக்காத இளைஞரும் அறிந்திருந்தனர். அக்காலத்தில் ஒரு ஜெற்றையும் எவரும் எறியவில்லை. எறிந்தால் வேறு கிடையாது.

2009 இன் தொடக்கத்தில் போர் எம்மைப் பரந்தன் சந்தியிலிருந்து ஏ-35 வீதியால் கிழக்கே துரத்தியது. வண்டிகள் வழிநெடுக விடப்பட்டன. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை பல குடும்பங்கள் அங்கே இருந்தன. திரும்பியவர்கள் கடனுக்கும் தவணைக்கும் வண்டி வாங்கினர், பெரும்பாலும் பிறர் ஓடிய வண்டிகளை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022 இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் போனது. ஆகவே இன்று எமது வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பல வயது போனவை. அவற்றை வாழவைக்க மலிவான கிற் வாங்கியவர்களை நாம் குறை கூறமாட்டோம்.

ஆனால் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகைவிதி வந்தபின் அங்கு செய்யப்படும் வண்டிகளிற் பெரும்பாலானவை காபிரேற்றரை விட்டு எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறிவிட்டன. எனவே காலம் போகப்போக அசல் காபிரேற்றர்ப் பாகங்கள் அரிதாகும். உங்கள் வண்டிக்குள் இருக்கும் பழைய ஜெற் ஜப்பானிலோ இந்தியாவிலோ அளந்து துளைக்கப்பட்ட அசலாக இருக்கக்கூடும். அதை எடுத்தெறிந்துவிட்டு, செய்தவரின் பெயரே இல்லாத பித்தளையைப் பூட்டுவது நட்டமான பண்டமாற்று.

எப்படிப் பார்ப்பது

ஜெற்: பழையதையும் புதியதையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, விளிம்பில் பிசிறின்றி இருக்கவேண்டும். வயரிலிருந்து பிரித்த மெல்லிய செப்பு இழையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதற்கு மட்டுந்தான், குத்தித் துப்புரவாக்க வேண்டாம். பித்தளை மென்மையானது, ஊசியால் குத்தினால் துளை பெருக்கும். பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தாற் போதும். எண்ணை மட்டும் நம்பவேண்டாம். கெய்ஹின் ஜெற்றில் எண் துளையின் விட்டத்தையொட்டியது. மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெற்றில் அது பாயும் அளவைக் குறிப்பது. ஒன்றின் 90 மற்றதன் 90 அல்ல.

புரி: புதிய ஜெற்றைக் கையாலேயே திருகிப் பாருங்கள். இலகுவாக உள்ளே போகவேண்டும். இறுகினால் சாவி போட்டு முறுக்காதீர்கள். காபிரேற்றரின் உடலிலுள்ள புரி போனால் ஒரு ஜெற் அல்ல, முழுக் காபிரேற்றரும் போய்விடும்.

மிதவை ஊசி: பழையதற்கு அருகில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். ஊசியின் அடியில் ஸ்பிறிங் முனை இருந்தால் அது அமுங்கி உடனே திரும்பவேண்டும். பூட்டிய பின் காபிரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் வழியில் சுத்தமான குழாயொன்றைச் செருகி வாயால் ஊதுங்கள். மிதவையின் பாரத்தில் வழி அடைபட்டுக் காற்றுப் போகாதிருக்க வேண்டும். நிமிர்த்தினால் போகவேண்டும்.

றப்பர்: ஓ றிங்கைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு கீறுங்கள். பின் கண்ணாடிப் போத்தலில் பெற்றோல் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மீண்டும் அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். சற்றே பருத்தால் பரவாயில்லை. கோட்டைத் தாண்டி உப்பினாலோ, கையில் பிசுபிசுத்தாலோ, பெற்றோலின் நிறத்தை மாற்றினாலோ அது பெற்றோலுக்குரிய றப்பர் அல்ல. இவற்றை அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவிலேயே செய்யுங்கள்.

பழையது எல்லாம் நல்லது என்றும் நாம் சொல்லவரவில்லை. திறொட்டிலோடு ஏறி இறங்கும் நீண்ட ஊசி பல்லாண்டு ஓடினால் ஒரு பக்கம் தேயும், அது ஓடும் வாயும் நீள்வட்டமாகும். மிதவை ஊசியின் கூம்பில் வளையத் தடம் விழும். இவற்றை மாற்றத்தான் வேண்டும். அப்போதுதான் காசைச் சேர்த்து நல்லதாக ஒன்றை வாங்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தின் காபிரேற்றருக்கும் இதே விதிகள் பொருந்தும்.

காசு எங்கே?

"அசல் வாங்க எம்மிடம் காசு எங்கே?" என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. எமது பதில் இதுதான்: அசலிற் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கழுவிப் பூட்டினால் வாங்கவேண்டியது சில றப்பர்த் துண்டுகளும் ஒரு கஸ்கற்றும், தேய்ந்திருந்தால் ஓர் ஊசியும் மாத்திரமே. ஆனால் கழுவுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு மெக்கானிக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம், பெட்டிக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை. அதனால் அவரும் கழுவுவதை விட்டு மாற்றுவதையே தொழிலாக்கிக்கொண்டார். குற்றம் அவருடையது மட்டுமல்ல.

ஒருவர் தனியாக ஒரு கிற் வாங்கிச் சோதித்துப் பார்ப்பதும் கட்டாது. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதைக் கையிலெடுக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள். உறுப்பினரிடம் அதிகமாக உள்ள வண்டி வகைக்குச் சங்கம் ஒரு கிற்றை வாங்கி, உள்ளூர் மெக்கானிக்கின் முன்னிலையில் மேற்சொன்னவாறு பார்த்து, முடிவைக் கூட்டத்தில் அறிவிக்கட்டும். பெட்டியைத் திறந்து காட்டியபின் விற்கவும், றப்பர்த் துண்டுகளைத் தனியே விற்கவும் கடைக்காரரைச் சங்கமாகப் போய்க் கேட்கட்டும். ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் எந்தக் கடைக்காரரும் யோசிப்பார். கழற்றிய சாமான்களை உடையவரிடம் ஒரு பையில் திருப்பிக் கொடுப்பதைக் கராச்சுகள் வழக்கமாக்கட்டும்.

வாழ்வாதார உதவி வழங்குவோருக்கும் ஒரு சொல். இடம்பெயர்ந்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்ற எண்ணத்தோடு, ஆகக் குறைந்த விலைக்கேள்வியில் வாங்கிய இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் எமது முற்றங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். வாங்குவோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சிறுபோக வேலைகள் தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோம். உங்கள் கராச்சின் மூலையிலுள்ள பேணியையும் மறவாமல் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். உங்கள் வண்டியின் அசல் ஜெற் இன்னும் அங்கேயே கிடக்கலாம்.