உதவி எண் இருக்கிறது. போன் யார் கையில்?



குடும்ப வன்முறைக்கு 181, மன உளைச்சலுக்கு 14416 என்று அரசு விளம்பரம் செய்கிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் பல வீடுகளில் செல்போன் கணவனின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தூக்கமில்லை, தலைவலி என்று வரும் பெண், பிரஷர் பார்க்கக் கை நீட்டும்போதே முந்தானையை இழுத்துக் காயத்தை மூடுவார். கேட்டால், "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்பார். மாமியார் பக்கத்திலேயே நிற்பார்.

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீசுக்குப் போகாமலே பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் பெறலாம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சிகிச்சை, மனநல ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகமாகத் தங்க இடம் எல்லாம் உண்டு. ஆனால் இந்த மையங்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. பஸ்ஸுக்குக் காசும், வெளியே கிளம்பக் காரணமும் இல்லாதவர் எப்படிப் போவார்?

பெண்கள் வழக்கமாக வந்துபோகும் இடத்துக்கு உதவி வர வேண்டும். தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஆலோசகர் தனி அறையில் உட்காரட்டும். பரிசோதனையின்போது உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்வது வழக்கமாகட்டும். ரேஷன் கடையிலும், அங்கன்வாடியிலும், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்திலும் பாதுகாப்பு அலுவலர் விவரத்தை எழுதி வைக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.