பெட்டியில் கோளாறு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட நினைப்பவர்களும் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து நம் ஸ்ரீவைகுண்டம் பக்கமும் செஸ் காய்ச்சல். நல்லதுதான். ஆனால் இந்தக் காய்ச்சலில் ஒரு நல்ல பொருளைக் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மாமாவோ சித்தப்பாவோ வளைகுடாவிலிருந்து வாங்கி வந்த எலக்ட்ரானிக் செஸ் போர்டைத்தான் சொல்கிறேன். "சார், அது ரிப்பேரு. போன்லயே ஆப் இருக்கு, இந்த டப்பா எதுக்கு?" என்கிறார்கள்.

இரண்டு வாதமும் தப்பு.

முதலில் ரிப்பேர். என்னிடம் வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு கோளாறும் இல்லை. "கீ கீனு கத்துது, காயை ஏத்துக்க மாட்டேங்குது" என்பார்கள். கத்தாமல் என்ன செய்யும்? ராஜாவுக்குச் செக் இருக்கும்போது அதைத் தீர்க்காமல் வேறு காயை நகர்த்தினால் கத்தத்தான் செய்யும். அமுக்கி ஆடும் போர்டில் காயை எடுக்கும் கட்டத்தில் ஒருமுறை, வைக்கும் கட்டத்தில் ஒருமுறை அமுக்க வேண்டும். மெஷின் விளக்கைக் காட்டினால் அதன் காயையும் நாமேதான் அப்படி நகர்த்த வேண்டும். கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜா, பிறகு யானை.

இன்னொன்று, நம்மூர்ப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். கடைசிக் கட்டம் போனால் அந்த வரிசைக்குரிய காயாக மாறும். ராஜா ஒரே ஒருமுறை குதிரை போல் தாவலாம். தாத்தாவிடம் கற்ற பிள்ளை இப்படி ஆடினால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. இது தாத்தாவின் குற்றமுமில்லை, மெஷினின் குற்றமுமில்லை. அந்த நாட்டு ஆட்டத்தில் வளர்ந்த மீர் சுல்தான் கான்தான் புது விதிகளைக் கற்று 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

நிஜமான கோளாறு பெரும்பாலும் பேட்டரிக் கட்டையில்தான். கட்டையைப் போட்டபடியே பரணில் ஏற்றிவிட்டால் ஒழுகித் தகட்டில் பூத்துவிடும். சாதாரணக் கட்டை என்றால் ஆப்பசோடா கரைத்த தண்ணீர், ஆல்கலைன் என்றால் எலுமிச்சைச் சாறு. பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அடாப்டர் மாட்டுமுன் அதிலுள்ள பிளஸ் மைனஸ் குறியும் வோல்டேஜும் பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மாறிப்போனால் உள்ளே கருகிவிடும். அப்படியும் விறைத்து நின்றால், பல மாடல்களில் அடியில் ரீசெட் துளை இருக்கும். குண்டூசியால் ஒரு குத்து. இதற்குப் போய் "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பிய கடைக்காரரை என்ன சொல்ல?

அடுத்து போன். ஆப்பில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்திலேயே மார்க் வருகிறது. பிள்ளை போர்டைப் பார்ப்பதில்லை, மார்க்கைப் பார்க்கிறான். கணக்கைப் போடாமல் கடைசிப் பக்கத்து விடையைப் பார்ப்பவனுக்கு நாம் மார்க் போடுவோமா? குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. சொந்தமாக யோசிக்க வைத்தார். பழைய பெட்டி, சும்மா விட்டால், எதிரே உட்கார்ந்து ஆடும், அவ்வளவுதான். உபதேசம் இல்லை, விளம்பரம் இல்லை, நடுவில் ரீல்ஸ் வராது.

"மெஷினோடு ஆடுவதை விட மனுஷனோடு ஆடலாமே" என்பீர்கள். நூற்றுக்கு நூறு சரி. சின்ன லெவலில் மெஷின் திடீரென்று ராணியையே சும்மா கொடுக்கும். எந்த மனுஷனும் அப்படித் தோற்கமாட்டான். ஆனால் எந்த மனுஷன் கிடைக்கிறான், யாருக்கு? பையன்களுக்குப் படித்துறை இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது, டியூஷன் முடிந்து இருட்டும்வரை ஆடலாம். ஆறு மணிக்கு மேல் வாசல்படி தாண்டவிடாத பெண்பிள்ளைக்கு எதிராளி எங்கே? பள்ளிப் போட்டியில் நன்றாக ஆடிய பெண்கள் ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிடுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். மூளை குறைந்து விடவில்லை. ஆள் இல்லாமல் விட்டார்கள். அண்ணன் கையில் போன், தங்கச்சி கையில் கரண்டி. கோளாறு பெட்டியில் இல்லை, நம்மிடம்.

வெளியே போய் ஆட அவளை விடுவதுதான் முதல் வழி. அதற்கு மனசு வராத பெற்றோர், பரணிலிருந்து அந்தப் பெட்டியையாவது இறக்குங்கள். துடைத்து, புதுக் கட்டை போட்டு அவள் கையில் கொடுங்கள். ஆடி முடித்ததும் அடுப்படிக்குக் கூப்பிடாமல், எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு ஆட்டம் தோற்றுப் பாருங்கள்.

வீட்டில் ஆள் இல்லாதவர்கள் நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுங்கள். ஓடவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். பேட்டரிக் கட்டை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.